டவுனுக்குள்ள கூட்டுத்தோட்டம்: ஒரு பரப்புக் காணியைப் பத்துக் குடும்பம் பிரிச்சுச் செய்யிறது எப்பிடி

யாழ்ப்பாணம் டவுன், நல்லூர், கொக்குவில் பக்கமெல்லாம் ஒழுங்கைக்கு ஒரு பூட்டின வளவு எண்டாலும் இருக்கும், ஆக்கள் கனடாவிலயோ லண்டனிலயோ, உள்ளுக்கு பற்றையும் பாம்பும், பக்கத்தில மேல்மாடி வாடகைக்கு இருக்கிற குடும்பம் ஒரு பிடி கீரைக்குச் சந்தைக்கு ஓடும். இந்த ரெண்டையும் சேத்து வைக்கிறதுதான் கூட்டுத்தோட்டம். 2022இல சாமான் தட்டுப்பாடு வந்தநேரம் அரசாங்கமே உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்துத் தோட்டம் செய்யச் சொன்னது, அப்ப கனபேர் தொடங்கினவை, பேந்து விட்டிட்டினம். நான் பாத்த அளவில விட்டதுக்கு மண்ணும் காரணமில்லை விதையும் காரணமில்லை, காணிக்காரரோட ஒரு கடதாசி இல்லை, கிணத்தில ஆர் எப்ப இறைக்கிறது எண்டு ஒழுங்கு இல்லை, அவ்வளவுதான். அதால விதையைப் பற்றிக் கடைசிப் பக்கமாத்தான் வருவன், அவசரப்படாதேங்கோ.

முதல் வேலை காணி. கிராம அலுவலரிட்டப் போய்க் கேளுங்கோ, எந்த வளவு ஆற்றை, இப்ப ஆர் பாக்கினம், வழக்குக் கிழக்கு கிடக்கோ எண்டு அவருக்கு ஓரளவு தெரியும். பாக்கப் போகேக்க வெயிலைப் பாருங்கோ, ஒரு நாளைக்கு 6 மணித்தியாலமாவது நேர வெயில் விழுந்தால்தான் காய்க்கிற மரக்கறி சரிவரும், எங்கட வளவுகளில மாவும் தென்னையும் நிண்டு மறைக்கும். தறிச்சுப் போடலாம்தானே எண்டு நினைச்சுக் காணி எடுக்காதேங்கோ, மரம் காணிக்காரற்றை, அதோட பனை, பலா தறிக்கிறதுக்கு அனுமதி எடுக்கவேணும். கனகாலம் பூட்டிக் கிடந்த வளவெண்டால் துப்பரவாக்கப் போற முதல் நாள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம், பற்றைக்குள்ள கட்டில்லாத பழங்கிணறு இருக்கும், மூடி உக்கின மலக்குழி இருக்கும், புதினமா ஏதும் இரும்புச் சாமான் கண்டால், வெடிக்காத குண்டா இருக்கலாம், கை வைக்காமல் பொலிசுக்குச் சொல்லிப்போட்டு வெளிய வாங்கோ.

இனிக் கடதாசி. வெளிநாட்டில இருக்கிற காணிக்காரர் மாட்டன் எண்டு சொல்லுறதுக்கு ஒரு பயம்தான், உள்ள விட்டால் பத்து வருசத்தில ஆட்சி எண்டு சொல்லிக் காணியை எடுத்துப்போடுவினம் எண்டு. அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இப்பவும் நடைமுறையில இருக்கு, ஒருத்தற்றை காணியை இன்னொருத்தர் 10 வருசம் தடையில்லாமல், அவற்றை உரிமையை ஒத்துக்கொள்ளாமல் வைச்சிருந்தால் கோட்டுக்குப் போய் உரித்துக் கேக்கலாம். இதில கவனிக்கவேண்டினது அந்த ஒத்துக்கொள்ளாமல் எண்ட இடம். காணி உங்கடைதான், நாங்கள் உங்கட அனுமதியில மரக்கறி மட்டும் செய்யிறம் எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுக் குடுத்தால் பேந்து ஆட்சி எண்டு வாய் திறக்கேலாது. ஆகவே கடதாசி எங்களுக்கு மட்டும் பாதுகாப்பில்லை, கூடுதலா அவைக்குத்தான், இதை விளங்கப்படுத்திச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் ஓம் எண்டுவினம்.

அந்தக் கடதாசியில என்ன இருக்கவேணும் எண்டால், இது அனுமதி மட்டும்தான், குத்தகையும் இல்லை உரித்தும் இல்லை எண்டது, தொடங்கிற திகதி முடியிற திகதி, ஒவ்வொரு வருசமும் புதுசா எழுதுறது, கல்லுக் கட்டடம் ஒண்டும் கட்டமாட்டம் எண்டது, தேங்காயும் மாங்காயும் காணிக்காரருக்கு எண்டது (இதை எழுதாமல் விட்டுத்தான் கன இடத்தில மனக்கசப்பு), கிணறும் மோட்டரும் பாவிக்கலாமோ, கரண்ட் பில் ஆர் கட்டுறது, அவைக்குக் காணி திரும்பத் தேவையெண்டால் எவ்வளவு காலம் முந்திச் சொல்லவேணும். குறைஞ்சது ஒரு போகம் முடியிற அளவு தவணை கேளுங்கோ. காணி பிரிபடாத பங்கெண்டால் ஒரு அண்ணரின்ரை சொல்லு காணாது, எல்லாச் சகோதரங்களும் வட்ஸ்அப்பிலயாவது எழுத்தில சம்மதிக்கவேணும். இங்க இருக்கிற ஆள் அவைக்காகக் கையெழுத்து வைக்கிறார் எண்டால் அவரிட்ட அற்றோணித் தத்துவம் (அவைக்குப் பதிலாக் கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரம்) இருக்கோ எண்டு பாருங்கோ. எழுதினதை ஒரு நொத்தாரிசிட்டக் காட்டி ஒருக்கா வாசிப்பிச்சு எடுங்கோ, அந்தக் காசு வீண்போகாது. கோயில் காணி, மாநகர சபைக் காணி எண்டாலும் இதே மாதிரித்தான், தலைவர் வாயால ஓம் எண்டவர் எண்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதேங்கோ, நிர்வாகம் மாறினால் கதையும் மாறும்.

இப்ப தண்ணி, இதுதான் முழுத் தோட்டமும். யாழ்ப்பாணத்தில ஆறெண்டு ஒண்டில்லை, வழுக்கையாறும் மாரிக்குத்தான் ஓடும். எங்கட தண்ணி முழுக்க நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல்லுக்குள்ள நிக்கிற மழைத்தண்ணி, அது கீழ இருக்கிற உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது, மோட்டரைப் போட்டு நிப்பாட்டாமல் இழுத்தால் கீழ கிடக்கிற உப்பு மேல ஏறும். நல்லூர், திருநெல்வேலிப் பக்கம் பெரும்பாலும் நல்ல தண்ணி, குருநகர், பாசையூர், நாவாந்துறை எண்டு கடலடிக்குப் போகப் போக உவர். காணி பாக்கப் போறவை அநேகமா மழைக்குப் பிறகு மார்கழி தையில போய்க் கிணத்துத் தண்ணியை வாயில விட்டுப் பாத்திட்டு இனிக்குது எண்டு வருவினம், அண்டைக்கு எல்லாக் கிணறும் இனிக்கும். ஆவணி புரட்டாதியில போய்ப் பாருங்கோ, அதுதான் கிணத்தின்ரை உண்மையான குணம். மின்கடத்துதிறன் (தண்ணியில உப்புக் கூடினால் இதுவும் கூடும்) அளக்கிற சின்ன மீற்றர் ஆரிட்டயும் இருந்தால் இன்னும் நல்லம், 0.7க்குக் கீழ எண்டால் எதையும் வைக்கலாம், 0.7க்கும் 3க்கும் இடையில எண்டால் பயிரைப் பாத்துத் தெரிஞ்செடுக்கவேணும், 3க்கு மேல எண்டால் (மீற்றருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் எண்ட அளவில) அந்தக் காணியை மரக்கறிக்கு எடுக்காதேங்கோ. கொஞ்சம் உவரெண்டால் பீட்ரூட் தாங்கும், கத்தரியும் ஓரளவு நிக்கும், போஞ்சி, கரட், வெங்காயம் மூண்டும் தாங்காது.

எவ்வளவு தண்ணி வேணும் எண்டு கணக்குப் பாருங்கோ. கோடையில நிலம் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் அளவு குடிக்கும், 100 சதுர அடிப் பாத்திக்கு அது 50 லீற்றருக்குக் கிட்ட, நாலு வாளி எண்டு வையுங்கோ. பத்துக் குடும்பப் பங்கும் ரெண்டு பொதுப் பங்குமாப் பன்ரண்டு பங்கு, பங்குக்குப் பாத்தி 100 சதுர அடி எண்டால் 600 லீற்றர். ஆகவே 1000 லீற்றர் தாங்கி ஒண்டை நடுவில உயர்த்தி வைச்சு விடியக் காலமை ஒருக்கா நிரப்பினால் அண்டைக்குப் போதும், ஒவ்வொருத்தரும் வந்து மோட்டர் போடத் தேவையில்லை, கிணத்துக்கும் ஊற நேரம் கிடைக்கும், கரண்ட் பில் ஆற்றை தலையில எண்ட சண்டையும் இல்லை. தாங்கியிலிருந்து பூவாளியால ஊத்துங்கோ, ஹோஸ் பைப்பை மண்ணில விட்டிட்டுப் போன் கதைக்கிற ஆளுக்கு முறை குடுக்காதேங்கோ.

வாய்க்கால் போட்டு இறைக்கிறதெண்டால் அது ரெண்டு பேர் வேலை, ஒராள் மோட்டரடியில, ஒராள் மண்வெட்டியோட பாத்தியில. பழைய தோட்டக்காரர் தண்ணி மாறுறதைக் கிட்ட நிண்டு பாருங்கோ, ஒரு கொத்து மண்ணைத் தூக்கி இந்தப் பாத்தியின்ரை வாயை அடைப்பார், அதே கையால அடுத்த பாத்தியின்ரை வாயைத் திறப்பார், தண்ணி பாத்தியின்ரை மற்றத் தொங்கலுக்குப் போக ஒரு அடி இருக்கேக்கயே மாறிப்போடுவார், மிச்சத்துக்கு ஓடுற தண்ணி தானாப் போய்ச் சேரும். புதுசா வாறவை நிரம்பட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிப்பினம், செம்மண் அவ்வளவையும் குடிச்சுப்போட்டுப் பேசாமல் கிடக்கும், கடைசிப் பாத்திக்காரருக்குத்தான் தண்ணி இல்லை. அதால இறைப்பு முறையை ஒரு பலகையில எழுதிக் கிணத்துக் கட்டில கட்டித் தூக்குங்கோ, கிழமைக்கு ஒருக்கா வரிசையைத் திருப்பிப் போடுங்கோ, முதல் பாத்தியில நிண்டவர் அடுத்த கிழமை கடைசியில. இன்னொண்டு, நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒருத்தரும் தோட்டப் பக்கம் எட்டியும் பாக்காயினம், அது சரியான கோடை வேற. அந்த 25 நாளுக்குத் தனியா ஒரு முறை போடுங்கோ, விரதம் எண்டு வீடு முழுக்க மரக்கறி தேடுறதும் அந்த நேரம்தான், தண்ணியை விடாமல் பாத்தவைக்குக் கத்தரியும் கீரையும் வீட்டிலயே கிடைக்கும்.

பிரிக்கிறதுக்கு எங்கட பழைய அளவே நல்ல வசதி. தோட்டக் காணியில ஒரு பரப்பு 18 குழி, ஒரு குழி 151 சதுர அடிக்குக் கிட்ட, அதாவது 10 அடிக்கு 15 அடி. குடும்பத்துக்கு ஒரு குழி எண்டு 12 குழியைப் பங்குக்கு விடுங்கோ, மிச்சம் 6 குழி நடைபாதை, தாங்கி, எருக்குழி, நாத்துமேடை, இருந்து கதைக்க ஒரு நிழல் எண்டு பொதுவுக்குப் போகும். பன்ரண்டில ரெண்டைப் பொதுப் பங்கா வைச்சிருந்தால் பத்துக் குடும்பம், பேந்து வாறவைக்கும் இடம் இருக்கும். (லண்டனில சொந்தக்காரர் அலொட்மென்ட் (வாடகைக்கு எடுக்கிற தோட்டத் துண்டு) எடுத்தவை எண்டு படம் அனுப்புவினம், அங்க ஒரு முழுப் பங்கின்ரை பழைய அளவு 10 ரொட், எங்கட பரப்பு 10 பேர்ச், ரொட்டும் பேர்ச்சும் ஒரே அளவுதான், அங்க ஒரு குடும்பம் செய்யிற நிலத்தில இங்க பத்துக் குடும்பம்.) பாத்தி 4 அடிக்கு மேல அகலம் வேண்டாம், ரெண்டு பக்கத்தாலயும் கை எட்டவேணும், உள்ளுக்குக் காலை வைச்சால் மண் இறுகும். பங்கைத் திருவுளச்சீட்டுப் போட்டுக் குடுங்கோ, தலைவருக்குக் கிணத்தடி, வாடகைக்கு இருக்கிற பிள்ளைக்கு மாமர நிழல் எண்டு பிரிச்சால் முதல் நாளே தோட்டம் முடிஞ்சுது.

மண் இடத்துக்கு இடம் மாறும். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் மாதிரி டவுனுக்குள்ள எல்லா இடமும் எதிர்பாக்கேலாது, சில வளவில அலவாங்கு போட்டால் ஒரு அடிக்குள்ள கல்லு, சில இடத்தில வெறும் மணல், சில இடத்தில முந்தி வீடு இடிச்ச செங்கல்லும் சுண்ணாம்பும். கல்லெண்டால் கொத்தி மினக்கெடாதேங்கோ, பனங்குத்தியோ கல்லோ வரிசையா வைச்சு மேல ஒரு அடிக்கு மண்ணும் எருவும் கலந்து நிரப்புங்கோ. மணலெண்டால் காஞ்ச பனையோலையைத் துண்டு துண்டா வெட்டிக் கான் தோண்டித் தாட்டு விடுங்கோ, இது எங்கட தோட்டக்காரர் பரம்பரையாச் செய்யிறது, மெதுவா உக்கும், தண்ணியையும் பிடிச்சு வைக்கும். பூவரசங் குழை, கிளிசரியாக் குழை கிடைச்சால் அதையும் சேத்துத் தாளுங்கோ. முதல் போகத்துக்கு முந்தி நேரம் இருந்தால் சணல் விதைச்சுப் பூக்கிற நேரம் மடக்கிக் கொத்தி விடுங்கோ.

மாட்டெருவுக்கு இப்ப நல்ல விலை, அதால கூட்டெருவைப் பொதுவாச் செய்யிறது லாபம். திருநெல்வேலிச் சந்தையில பின்னேரம் கழிக்கிற கோவா இலை, வாழைத்தண்டு, கலியாண மண்டபத்து வாழையிலை எல்லாம் கேட்டால் தருவினம், ஆனா சோறு கறி ஒட்டின இலையைக் கொண்டு வராதேங்கோ, எலி வரும், எலிக்குப் பின்னால பாம்பு வரும். ஒரு அடுக்குப் பச்சை, ரெண்டு அடுக்குச் சருகு, நடுவில கொஞ்சம் எரு, தண்ணி தெளிச்சு ரெண்டு கிழமைக்கு ஒருக்கா பிரட்டினால் மூண்டு மாசத்தில ஆகும். பூத்த பார்த்தீனியத்தை மட்டும் எருக்குழிக்குள்ள போட்டிடாதேங்கோ, தோட்டம் முழுக்க நீங்களே விதைச்ச மாதிரி. அதைப் பூக்க முந்தி, கையுறை போட்டு, வேரோட இழுக்கவேணும், சிலருக்குத் தோலில கடிக்கும்.

யூரியா போடலாமோ எண்டு கேப்பினம். கொஞ்சம் போட்டால் பயிர் சாகாது, ஆனா எங்கட சுண்ணாம்புக்கல்லு வடிகட்டாது, ஓட்டையாலயும் வெடிப்பாலயும் நேர கீழ விடும், நீங்கள் போடுறது பக்கத்து வீட்டுக் கிணத்தில நைத்திரேற்றாப் போய் நிக்கும், அந்தத் தண்ணியில பச்சைப்பிள்ளைக்குப் பால்மா கரைப்பினம். டவுனுக்குள்ள மலக்குழியாலயே ஏற்கெனவே போதியளவு இறங்குது. என்ரை எண்ணம், கூட்டுத்தோட்டத்தில யூரியா வேண்டாம் எண்டு முதலே எழுதி வைக்கிறது நல்லம்.

பயிருக்கு வருவம். காலபோகத்தை, அதாவது மாரிமழைப் போகத்தை, பிடிக்கவேணும் எண்டால் ஆடி ஆவணியில காணி, கடதாசி, துப்பரவு எல்லாம் முடிஞ்சிருக்கவேணும், ஆவணிக் கடைசி புரட்டாதியில நாத்துமேடை, ஐப்பசி மழையோட நடுகை. கார்த்திகையில அடிச்சு ஊத்தும், பாத்தியைக் கோடையில மாதிரிப் பள்ளமா வைச்சிருந்தால் வேர் அழுகும், மாரிக்கு மேடாக் கட்டுங்கோ. முதல் போகத்திலயே வெங்காயமும் மிளகாயும் எண்டு நிக்கவேண்டாம், ரெண்டும் பழகின கைக்குத்தான் சரிவரும், மிளகாய்க்கு இலைச்சுருளல் வந்தால் புது ஆக்களுக்கு மனம் விட்டுப்போம். முளைக்கீரை ஒரு மாசத்துக்குள்ள பிடுங்கலாம், வெண்டி 50 நாளுக்கு முன்பின்னாக் காய்க்கும், பயிற்றையும் கிட்டத்தட்ட அப்பிடித்தான், கத்தரியை நாத்துப் போட்டு ஒரு மாசத்தில பிடுங்கி ரெண்டரை அடி இடைவெளியில நட்டால் கனகாலம் நிண்டு காய்க்கும். திருநெல்வேலிக் கத்தரி இருக்கேக்க வேற இனம் தேடி ஓடாதேங்கோ. வாடைக் குளிர் நிக்கிற மார்கழி தையிலதான் கரட், பீட்ரூட், கோவா. பொன்னாங்காணியும் வல்லாரையும் தாங்கியடி ஈரத்தில தானா நிக்கும், அந்த இடத்தை வீணாக்காதேங்கோ. வைகாசிக்குப் பிறகு சோளகம் அடிக்கத் தொடங்கினால் தென்மேற்குப் பக்கம் ஓலைச் செத்தை ஒண்டு கட்டுங்கோ, வெயிலை விட அந்தக் காத்துத்தான் கண்டைக் காய வைக்கிறது.

புடோலும் பாகலும் பந்தலுக்கு ஏறுற சாமான், நிழல் பக்கத்துப் பங்குக்கு விழும், அதால பந்தல் எல்லாம் வடக்குக் கரையில பொதுவாப் போடுங்கோ. பூச்சிக்கு வேப்பங்கொட்டை போதும், லீற்றருக்கு 50 கிராம் இடிச்சு இரவு முழுக்க ஊற வைச்சு வடிச்சு, துளி சவர்க்காரம் கரைச்சு பின்னேரத்தில அடியுங்கோ. கத்தரியின்ரை நுனி வாடித் தொங்கினால் உள்ளுக்குப் புழு, அந்த நுனியை அண்டைக்கே வெட்டி எரிக்கவேணும், ஒராள் விட்டால் எல்லாற்றை கத்தரிக்கும் போகும். விளங்காத நோயெண்டால் இலையைப் பிடுங்கிக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிட்டப் போங்கோ, இல்லாட்டி விவசாயத் திணைக்களத்தின்ரை 1920க்கு அடியுங்கோ, மருந்துக் கடைக்காரர் சொல்லுறதைக் கடைசியாக் கேளுங்கோ.

வேலி இல்லாமல் ஒரு விதையும் போடாதேங்கோ. கட்டாக்காலி மாடு ஒண்டு இரவில வந்தால் மூண்டு மாச வேலை விடியேக்க இல்லை. மழை தொடங்கேக்க கிளுவைக் கதியால் நட்டால் உடனை வேர் பிடிக்கும், அது அடர்த்தியாகும் வரைக்கும் வலையோ கிடுகோ கட்டுங்கோ, படலைக்கு ஒரு பூட்டு, திறப்பு மூண்டு பேரிட்ட. ஆக்கள் ரெண்டு காய் பிடுங்கிறதை ஒண்டும் செய்யேலாது, ஒழுங்கைக் கரையில முருங்கையும் கறிவேப்பிலையும் வைச்சால் கேட்டுப் பிடுங்குவினம், உள்ளுக்கு வாறது குறையும்.

மாரியில பெரிய தலையிடி டெங்கு. நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு கிழமை பத்து நாள் காணும், ஆகவே கிழமைக்கு ஒருக்கா ஒராள் முறை வைச்சு வளவு முழுக்கச் சுத்தவேணும், சிரட்டை, யோகட் கோப்பை, ரயர், பூவாளிக்குள்ள நிக்கிற தண்ணி, தாங்கி மூடி எல்லாம். தாங்கி வாய்க்கு வலை கட்டுங்கோ, வாளியைக் கவிட்டு வையுங்கோ. பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து குடம்பியைக் கண்டால் வழக்குப் போகும், காணிக்காரர் கனடாவில, அம்பிடுறது நீங்கள்தான்.

காசுக்கு மாசச் சந்தா ஒண்டு, கரண்டுக்கும் எருவுக்கும் வேலிக்கும், கணக்கை வட்ஸ்அப் குரூப்பில மாசம் முடியப் படம் எடுத்துப் போடுங்கோ, ஆரும் கேக்க முந்தி. மண்வெட்டி, அலவாங்கு, பூவாளி எல்லாம் பொதுக் காசில வாங்கிப் பிடியில ஒரு நிறம் பூசி விடுங்கோ, வீட்டுக்குப் போனது திரும்பி வரும்.

கடைசியா, வராத ஆளை என்ன செய்யிறது. இது எல்லாத் தோட்டத்திலயும் வரும், பிள்ளைக்குச் சோதினை, அம்மாக்குச் சுகமில்லை, வெளிநாட்டு அலுவல். ரெண்டு கிழமை பங்கு தண்ணியில்லாமல் கிடந்தால் ஒராள் போன் எடுத்து விசாரிக்கவேணும், குரூப்பில போட்டு வெக்கப்படுத்தாதேங்கோ. அவை கேட்டால் ஒரு மாசத்துக்குப் பக்கத்துப் பங்குக்காரர் தண்ணி ஊத்தட்டும், பிடுங்கிறதில பாதி தண்ணி ஊத்தினவைக்கு. அதுக்குப் பிறகும் வரேல்லை எண்டால் நிக்கிற பயிரைப் பிடுங்கிக்கொண்டு போக ஒரு திகதி குடுத்திட்டு, வரிசையில நிக்கிற அடுத்த குடும்பத்துக்குப் பங்கைக் குடுங்கோ, இதையும் முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கோ.